மூன்று படியும் ஒரு மனுவும்: மதுரைப் பக்கம் மாற்றுத்திறனாளி உரிமைகளைக் கேட்டு வாங்க முழுமையான வழிகாட்டி

மேலூர் பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. இரண்டரை வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் வலது காலை எடுத்துக்கொண்டது; அன்றிலிருந்து கட்டைதான். ஆதார் நகல் எடுக்க வருகிறவர்கள் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் கட்டையைப் பார்த்ததும், "அண்ணே, எங்க வீட்லயும் ஒரு பையன் இருக்கான்..." என்று தயங்கித் தயங்கி ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் ஓடிவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் நான் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பாவம், பார்த்துச் செய்யுங்க" என்று கேட்டால் பிஸ்கட் பாக்கெட்டும் போர்வையும் கிடைக்கும். அளந்து, எழுதி, ரசீது வாங்கிக் கேட்டால் வேறு மாதிரி பதில் வரும். என் அனுபவம் அவ்வளவுதான்.

முதல் வேலை: சட்டத்தின் பெயரை மனப்பாடம் செய்யுங்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. இந்தியா 2007இல் ஏற்று உறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கைக்கு ஏற்ப எழுதப்பட்ட சட்டம் இது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. இப்போது 21. ஆட்டிசம், தசைச்சிதைவு, தலசீமியா, ஹீமோபிலியா, பார்கின்சன், மனநோய், கற்றல் குறைபாடு, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் இதில் அடக்கம். "கை கால் நல்லாத்தானே இருக்கு, உனக்கு எதுக்கு அட்டை?" என்று யாராவது கேட்டால், அவர் இன்னும் 1995லேயே நிற்கிறார் என்று அர்த்தம்.

நாற்பது சதவீதம் என்பதுதான் கோடு. அந்த அளவோ அதற்கு மேலோ குறைபாடு இருந்தால் அரசு வேலையில் 4 சதவீதம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதம் இட ஒதுக்கீட்டுக்குத் தகுதி. 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. வேலையில் இருக்கும்போது விபத்தில் காலோ கண்ணோ போனால், அந்தக் காரணத்துக்காக அரசு நிறுவனம் ஆளை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. இது 20ஆம் பிரிவு. இதைத் தெரியாமல் தானாக எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர்கள் உண்டு. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் யாரையாவது கேளுங்கள்.

அட்டை: எல்லாம் இங்கேதான் மாட்டும்

அட்டை இல்லாமல் ஒன்றும் நகராது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யூ.டி.ஐ.டி. என்னும் தனித்துவ அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டிலிருந்தே போடலாம், இ-சேவை மையத்திலும் போடலாம். போட்டோ, கையெழுத்து அல்லது கைரேகை, ஆதார், முகவரிச் சான்று போதும். 2021 ஜூன் முதல் ஊனச் சான்றிதழே இந்த இணையதளம் வழியாகத்தான் வழங்கப்படுகிறது. ஆகவே "பழைய நீல புக்கு இருக்கே" என்று, முன்பு கொடுத்த அடையாளப் புத்தகத்தை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். அந்தப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், புதியதற்கும் போடுங்கள்.

இங்கே பெரும்பாலும் சிக்குவது பெயர். ஆதாரில் முத்துக்குமார் ப., ரேஷன் அட்டையில் பெ. முத்துக்குமார், பள்ளிச் சான்றிதழில் வெறும் குமார். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சென்ற வருடம் ஒரு தம்பிக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்து கூடிப்போய், உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறாமல் ஐந்து மாதம் நின்றது. விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஆதார், வங்கிப் புத்தகம், ரேஷன் அட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். தப்பு இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். இதற்கு அரை நாள் செலவாகட்டும், பரவாயில்லை.

அடுத்தது மருத்துவர். மதுரைக்காரர்களுக்குப் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு இராசாசி மருத்துவமனை. எந்தக் குறைபாட்டுக்கு எந்தக் கிழமை என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கேட்காமல் உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வந்து, "இன்னைக்கு எலும்பு டாக்டர் மட்டும்தான்" என்ற பதிலோடு திரும்புகிற தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். காது கேளாதவர்களுக்குக் கேட்புத்திறன் பரிசோதனை அறிக்கை, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு உளவியலாளர் பரிசோதனை, கை கால் பாதிப்புக்கு எக்ஸ்ரே, முன்பு ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரி. இருக்கிற காகிதம் அத்தனையையும் எடுத்துப் போங்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற குழந்தை என்றால், வட்டார வள மையங்கள் நடத்தும் மருத்துவ முகாமில் வேலை சுலபமாக முடியும். சிறப்பாசிரியரைக் கேட்டால் தேதி சொல்வார்.

டாக்டர் 35 சதவீதம் என்று எழுதிவிட்டால்? அங்கேயே அழுது சண்டை போட வேண்டாம். 59ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு இடம் தருகிறது. மறு பரிசோதனை கேட்டு எழுத்துமூலம் மனு கொடுங்கள். இன்னொரு விஷயம்: புரோக்கர் பக்கம் போகாதீர்கள். "அறுபது போட்டு வாங்கித் தர்றேன்" என்று ஆஸ்பத்திரி டீக்கடையில் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். பொய்யாகச் சலுகை பெற்றால் 91ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை. மாட்டுவது நீங்கள், புரோக்கர் அல்ல.

அட்டையின் நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40இலிருந்து 80க்குள் மஞ்சள், 80க்கு மேல் நீலம்.

உதவித்தொகை, பஸ், ரயில்

இந்தப் பகுதியை எல்லோரும் முதலில் கேட்பார்கள். ஆனால் சொல்ல அதிகம் இல்லை.

வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 1,500 ரூபாய். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய்ப் பாதிப்பு, கடுமையான பாதிப்பு போன்றவற்றுக்கு இது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். எதற்குத் தகுதி என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேளுங்கள். இந்த அதிகாரியின் அலுவலகத்தை மறக்காதீர்கள்: ஸ்கூட்டர், காலைத் தாங்கும் காலிப்பர், காதுக் கருவி, தையல் மிஷின், திருமண உதவி, சுயதொழில் கடன் எல்லாவற்றுக்கும் வாசல் அதுதான்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் 2021 முதல் டிக்கெட் இல்லை. ரயிலுக்குத் தனியாக ரயில்வே அட்டை எடுத்துக்கொண்டால் ஆன்லைனிலேயே சலுகை விலையில் டிக்கெட் போடலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது முடிந்தால், சட்டப்படி நீங்கள் தானாகவே காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன் கீழ், கலெக்டர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் சான்று கேட்க வேண்டும். அதே அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. "நமக்கப்புறம் இவனை யார் பாப்பா?" என்று கடையில் அழுத அம்மாக்களில் பாதிப்பேருக்கு மேல் இது தெரியவில்லை.

பள்ளிக்கூடம்

"எங்ககிட்ட வசதி இல்லைங்க, ஸ்பெஷல் ஸ்கூல்ல பாருங்க." இது சட்டவிரோதம். 16ஆம் பிரிவின்படி அரசுப் பள்ளியும், அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியும் வேறுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாய்மொழியாக மறுத்தால், "அதையே எழுதிக் குடுங்க சார்" என்று பணிவாகக் கேளுங்கள். இந்த ஒரு வரிக்கு நிறைய இடங்களில் கதவு திறந்திருக்கிறது.

பரீட்சையில் பிள்ளை சொல்லச் சொல்ல எழுதித் தரும் எழுத்தர் வேண்டுமா, கூடுதல் நேரம் வேண்டுமா என்பதை வருட ஆரம்பத்திலேயே தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிப்ரவரியில் ஓடினால் நடக்காது.

பிள்ளைகளிடம் உள்ளூர்க்காரர்களின் கதையைச் சொல்லுங்கள். செவித்திறன் இல்லாத ஜெர்லின் அனிகா மதுரைப் பொண்ணு; 2022இல் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸ் பேட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். பார்வையில்லாத பூர்ண சுந்தரி, இவரும் மதுரைதான், 2019ஆம் ஆண்டு குடிமைப் பணித் தேர்வில் தேர்ச்சி பெற்றார். பார்வையிழந்த எஸ்.எம்.ஏ. ஜின்னா சுந்தரராஜன்பட்டியில் பார்வையற்றோருக்கான நிறுவனத்தையே கட்டினார். அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கு மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தில் விரல்கள் முறுக்கிக்கொண்டவை. அந்த விரல்களோடுதான் கத்தி பிடித்து ஊர் கண்ணைத் திறந்தார். ஆனால் இதைச் சொல்லிவிட்டு, "பாரு, அவங்க சாதிக்கல?" என்று பிள்ளையை நெருக்காதீர்கள். மெடல் வாங்காத பிள்ளைக்கும் வகுப்பறையில் இடம் உண்டு.

மனு: மூன்று படியின் கதை

எங்கள் பக்கம் ஒரு அரசு அலுவலகம். பெயர் வேண்டாம். வாசலில் மூன்று படி, கைப்பிடி இல்லை. நான் கட்டையோடு ஏறிவிடுவேன், மழை நாளில் கொஞ்சம் பயம். ஆனால் சக்கர நாற்காலியில் வருகிற ஒரு தங்கச்சி வெளியே வேப்பமரத்தடியில் இருக்க, அவள் காகிதம் மட்டும் உள்ளே போய் வரும். அதிகாரி நல்ல மனிதர். "நீங்க ஏன் சிரமப்படுறீங்க, ஆளை அனுப்புங்க, முடிச்சுத் தர்றேன்" என்பார். அந்தத் தங்கச்சி ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "அண்ணே, எனக்கு என்ன வேலை நடக்குதுன்னு நான் பாக்க வேண்டாமா?"

சரி என்று ஒரு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போனோம். படி ஒவ்வொன்றும் 6 அங்குலம், மூன்றும் சேர்த்து 18 அங்குலம். சாய்தளக் கணக்கு சுலபம்: ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். 18 அங்குலத்துக்கு 18 அடி. இந்தக் கணக்கு மட்டும் நினைவில் இருந்தால் போதும், எந்த என்ஜினியரிடமும் பேசலாம்.

மனு இப்படித்தான் எழுதினோம்:

*பொருள்: பொதுக் கட்டடத்தில் சாய்தளம் அமைக்கக் கோருதல்.*

*ஐயா, மேற்படி அலுவலக வாசலில் தலா 6 அங்குல உயரத்தில் 3 படிகள் உள்ளன. கைப்பிடியோ சாய்தளமோ இல்லை. சக்கர நாற்காலி பயன்படுத்தும் நான் இந்த மாதம் இருமுறை வந்தும் உள்ளே செல்ல முடியவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 45இன்படி, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியான ஐந்து ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கதாக மாற்ற வேண்டும். விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. எனவே 1:12 சாய்வில், இருபுறமும் கைப்பிடியுடன் சாய்தளம் அமைத்து, எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: புகைப்படம் 2, அடையாள அட்டை நகல்.*

ஒரு பக்கம் தாண்டவில்லை. "கருணை கூர்ந்து", "தாழ்மையுடன்" எதுவும் கிடையாது. கையெழுத்து அந்தத் தங்கச்சியுடையது. என்னுடையது அல்ல, அவள் அப்பாவுடையதும் அல்ல. இதில் நான் பிடிவாதமாக இருப்பேன்: யாருக்கு வழி இல்லையோ அவர்தான் மனுதாரர்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள். காலையிலேயே போய்விடுங்கள். வாசலில் போலீஸ் பையைச் சோதிப்பார்கள், பதிவு செய்து மனு எண் தருவார்கள். அந்த எண் உள்ள ஒப்புகைச் சீட்டை அங்கேயே போன் கேமராவில் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு இல்லாத மனு, கொடுக்காத மனு மாதிரிதான். மனுவின் இரண்டு நகலில் ஒன்று அந்த அலுவலகத்துக்கு, ஒன்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. தபாலில் அனுப்பினால் ஒப்புகையும் சேர்த்து வாங்குங்கள்.

மூன்று மாதத்தில் சாய்தளம் வந்துவிட்டது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். போய்ப் பார்த்தால் ஆறே அடி நீளம், மேலே வழவழ டைல்ஸ். 1:12க்குப் பதில் 1:4. அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம். தங்கச்சி பார்த்துச் சிரித்துவிட்டாள். "இதுல ஏறுறதுக்கு படியே தேவலை" என்றாள்.

திரும்ப நாடா, திரும்ப போட்டோ, இரண்டாவது மனு. இந்த முறை படம் வரைந்தே கொடுத்தோம். வாசலில் நேராக 18 அடி இடம் இல்லை, அதனால் சுவரை ஒட்டி ஒன்பது அடி போய், ஐந்துக்கு ஐந்து அடி சமதளத்தில் திரும்பி, இன்னொரு ஒன்பது அடி. வழுக்காத தரை, இரண்டு உயரத்தில் கைப்பிடி. வெறும் "சாய்தளம் வேண்டும்" என்று கேட்டிருந்தால், "அதான் போட்டாச்சே" என்று பதில் எழுதி மனுவை முடித்திருப்பார்கள்.

உங்கள் ஊரில் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், வாக்குச்சாவடி இருக்கிற பள்ளிக்கூடம் இந்த மூன்றையும் அளந்து பாருங்கள். கழிப்பறையையும் திறந்து பாருங்கள். சக்கர நாற்காலி படம் ஒட்டிய கழிப்பறைக்குள் பாதி இடங்களில் விளக்குமாறும் பெயின்ட் டப்பாவும்தான் இருக்கும். சட்டத்தில் "பொதுக் கட்டடம்" என்பது அரசுக் கட்டடம் மட்டுமல்ல. மக்கள் வந்துபோகிற கடை, கோயில், மண்டபம், தனியார் ஆஸ்பத்திரி எல்லாம் அதில் வரும். புதிதாகக் கட்டுகிறார்கள் என்றால் இன்னும் நல்லது: விதிப்படி இல்லாத வரைபடத்துக்கு அனுமதி தரக்கூடாது என்று 44ஆம் பிரிவு சொல்கிறது. கட்டி முடித்தபின் இடிக்கச் சொல்வதைவிட, கடைக்கால் தோண்டும்போதே மாநகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ ஒரு கடிதம் போட்டுவிடலாம்.

பதில் வராவிட்டால்

முப்பது நாள் பொறுங்கள். பிறகு 1100க்கு போன் செய்து மனு எண்ணைச் சொல்லுங்கள். அடுத்து தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கட்டணத்தோடு, "இந்த எண் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன? கோப்புக் குறிப்பின் நகல் தேவை" என்று கேளுங்கள். இதற்கும் முப்பது நாள்தான் கெடு. பல மனுக்கள் இந்தக் கட்டத்திலேயே உயிர் பெற்றுவிடும்.

அதற்கும் மேலே சென்னையில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். புகாரைத் தபாலிலேயே அனுப்பலாம்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் உண்டு. 15100க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். ஒத்தக்கடை தாண்டி ஐகோர்ட் கிளை இருப்பது நம் மாவட்டத்துக்கு ஒரு வசதி. அணுகல் வசதி விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருக்க முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஊர் நடுவில் வைத்து வேண்டுமென்றே இழிவாகப் பேசினால் அது 92ஆம் பிரிவு: ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. போலீஸ் ஸ்டேஷனில் பிரிவு எண்ணைச் சொல்லிப் புகார் எழுதுங்கள். சொல்லாவிட்டால் "ரெண்டு பேரும் சமாதானமாப் போங்க" என்பார்கள்.

கிராம சபையில் நாற்காலி போடுங்கள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்தில் ஆறு கிராம சபை. ஒரு வாரம் முன்னதாக ஊராட்சிச் செயலரிடம் உங்கள் பொருளை எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். பல ஊர்களில் கூட்டம் நடப்பதே படி ஏறிப் போகிற மண்டபத்தில்தான். முதல் தீர்மானமாக, அடுத்த கூட்டம் தரைமட்டத்தில் நடக்க வேண்டும் என்று கேளுங்கள்.

2025இல் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது. உங்கள் ஊரில் அந்த இடத்துக்கு யார், எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டுக்கொண்டே இருங்கள். தலைவரின் மச்சானுக்குப் போய்விடக் கூடாது.

கூட இருப்பவர்களுக்கு

பார்வையில்லாதவர் சாலையோரம் நின்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். "உதவி வேணுமாங்க?" என்று கேட்டுவிட்டு உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அவர் பிடித்துக்கொள்வார். காது கேளாதவரிடம் கத்திப் பயனில்லை. முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுங்கள், இல்லையென்றால் எழுதிக் காட்டுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் கேட்காமல் வண்டியைத் தள்ளாதீர்கள். பக்கத்தில் நிற்கிறவரிடம் "இவருக்கு டீ வேணுமா?" என்று கேட்பதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வருகிற இடம். எனக்குக் கால்தான் சரியில்லை, டீ வேணுமா என்று சொல்லத் தெரியும்.

நம் மொழியிலேயே "நொண்டிச் சாக்கு", "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று எத்தனை. நான்கூடப் பல வருடம் "நொண்டிச் சாக்கு சொல்லாதே" என்று கடைப் பையனைத் திட்டியிருக்கிறேன், கட்டையை ஊன்றிக்கொண்டு. இப்போது "சால்ஜாப்பு" என்கிறேன்.

அந்த மூன்று படி இருந்த இடத்தில் பதினெட்டு அடி சாய்தளம் வந்து எட்டு மாதமாகிறது. தங்கச்சி முதல் தடவை தானாக ஏறிப் போய் அதிகாரி எதிரில் நாற்காலியை நிறுத்தியபோது, அவர் எழுந்து நின்றுவிட்டார். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். சாய்தளத்தின் அடியில் வரிசையாக நாலு பைக் நிறுத்தியிருந்தார்கள். நாடா எடுக்கவில்லை, இந்த மனுவுக்கு போட்டோ மட்டும் போதும்.